இரவல் தழும்பு

ஸ்பிரிட்டில் இரண்டு முறை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை.

தட்டில் கிடந்த ரப்பர் இதயத்தை ஸ்மராந்தா கையுறையோடு புரட்டினாள். முப்பரிமாண பிரிண்டரிலிருந்து வந்த பொருளுக்குப் பிளாஸ்டிக் வாடை அடிக்க வேண்டும். இதுவோ மூன்று நாள் மூடி வைத்த கறிக்குழம்பைப் போலப் புளித்து, தித்தித்து, அடிநாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறந்தாள். வெளியே திமிஷ்வாரா நகரத்தின் மத்தியான வெயிலில் டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

அது டிராம் ஓட்டுநர் இலாரியேவின் இதயம். ஸ்கேனை வைத்து அவருடைய இதயத்தைக் கணினியில் அப்படியே கட்டி, நாளை பேஸ்மேக்கர் கம்பியை எங்கே பதித்தால் துடிப்பு சீராகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. தழும்பேறிச் செத்த தசையில் கம்பியை வைத்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். மனிதர் மூச்சை அடக்க முடியாமல் இருமியதில் ஸ்கேன் கலங்கி, தழும்பு எங்கே என்றே தெரியவில்லை. மறுபடி எடுக்கச் சோம்பல். போன மாதம் இறந்துபோன பான்தெலிமோன் என்பவரின் கோப்பிலிருந்து தழும்பை வெட்டி இதில் ஒட்டிவிட்டாள். யார் கண்டார்கள்?

நேற்று அந்தத் தழும்பு கட்டைவிரல் நகம் அளவு. இன்று பாதி இதயம். திரையில் அழித்தாள். வந்தது. மறுபடி அழித்தாள். இன்னும் பெரிதாக வந்தது.

நாளை கம்பியைப் பதிக்கப்போகிற டாக்டர் ஒக்தவ் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "என்னம்மா நாத்தம், எலி ஏதும் செத்துக் கிடக்கா? சரி, கம்பி எங்க?"

சொல்லிவிடலாம். வேலை போகும், அவ்வளவுதான்.

"இதயத்தோட பின்சுவர்ல, டாக்டர்."

"கெட்டிக்காரி!" போய்விட்டார். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் இலாரியே வந்தார், வார்டு உடுப்போடு, கையில் ஒரு கிண்ணம். அவித்த கோதுமை, மேலே சர்க்கரை. இறந்தவர் பேரில் தருவது. வாங்குகிறவர், செத்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

"யார் பேர்ல, ஐயா?"

"பான்தெலிமோனாம். யாருன்னே தெரியலம்மா. நேத்துலருந்து இந்தப் பேருதான் வாயில வருது. என் வீட்டுக்காரி பயந்துபோய் அவிச்சுக் குடுத்தா." சிரித்தார். அவர் வாயிலிருந்து அதே நாற்றம்.

கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லாமலேயே கிண்ணத்தை வாங்கித் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க ஒரே ஈரமா இருக்கு, பாரு." பொத்தானைக் கழற்றினார்.

மார்பில் ஒரு கறை. அவள் வெட்டி ஒட்டிய தழும்பின் அதே வளைவு. அதே ஓரம்.

அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "அமுக்கிப் பாரேன்."

பிசுபிசுப்பு. வெதுவெதுப்பு.

விரல் உள்ளே போனது. முதல் கணு. இரண்டாவது. அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார். உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், தட்டில், அந்த ரப்பர் இதயம் துடிக்கத் தொடங்கியது.