மலிவு நாளில் மக்டலின் பாடிய பாட்டு

மக்டலினின் தம்பிக்கு நாலு மாதம். அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். பசிக்கிறது என்று அழ வேண்டும். அந்த வேலையை அவன் இரவு பகல் பாராமல் செய்துவந்தான்.

அம்மா செபஸ்தியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. பால்மாவும் கிடைக்கவில்லை. அது எழுபத்து நாலாம் ஆண்டு. கடைகளில் சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பால்மா அடைத்த தகரப் பேணி எப்படி இருக்கும் என்பதையே ஊர் மறக்கத் தொடங்கியிருந்தது. அம்மா தம்பிக்குக் கஞ்சித் தண்ணீரை வடித்துப் பருக்கினாள்.

"வயிறு நிறையுதுதான். ஆனா காலப் பாருங்க, ஈர்க்குமாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னாள்.

அப்பா பஸ்தியாம்பிள்ளை பார்க்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்குப் போய்விட்டார். பார்க்க முடியாதவற்றை அவர் பார்ப்பதில்லை.

அந்த வாரத்தில்தான் சங்கக்கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். ஊராருக்கெல்லாம் பொதுவான கூட்டுறவுக் கடையை அங்கே சங்கக்கடை என்றுதான் சொல்வார்கள். மக்டலின் அதை இரண்டு தரம் வாசித்தாள். சனிக்கிழமை மலிவு விற்பனை. பருப்பு அரை விலை. கருவாடு அரை விலை. பால்மாப் பேணி வீட்டுக்கு ஒன்று. காலை எட்டு மணி முதல் பாட்டுக் கச்சேரி.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. பத்துப் பெரிய பெட்டிகளை இறக்கினார்கள். எல்லாவற்றிலும் குண்டுக் குழந்தை ஒன்றின் படம். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் குழந்தையின் கன்னத்தைப் பார்த்து மக்டலினுக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று மாலை சங்கக்கடை மனேச்சர் நல்லரத்தினம் மக்டலினின் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை.

"கோயில்ல நீ பாடினா வாவிக்கு அங்கால கேக்குதாமே புள்ள?"

மக்டலின் தலை குனிந்தாள். அவளுடைய குரல் பெரியதுதான். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் தினமும், "மெதுவா, மக்டலின், மெதுவா" என்பார். வீட்டில் அம்மாவும் அதையே சொல்வாள்.

"நாளைக்கு எங்கட மேடையில நீதான் பாடவேணும்" என்றார் மனேச்சர். "பட்டணத்தில இருந்து சிறில் வயலினோட வாறார். ஒரு பாட்டு முடிஞ்சா உடன மற்றது. நான் கை காட்டுமட்டும் நிப்பாட்டக்கூடாது. முதல் பேணி உனக்குத்தான்."

பத்து வயதில் முதன்முதலாக ஒருவர் அவளுடைய சத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். அதுவும் ஒரு பால்மாப் பேணிக்கு! மக்டலினுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசை தொடங்கிவிட்டது. வரிசை என்றால் மனிதர்கள் அல்ல, கற்கள். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். நின்று நின்று கால் கடுத்த ஆட்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். கல் நிற்கும் இடம் அதை வைத்தவருடைய இடம். அடுத்தவர் கல்லில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பெரிய சண்டைக்காரர்கள்கூடக் கல்லுக்கு மரியாதை கொடுத்தார்கள்.

மக்டலினின் அரைச் செங்கல் ஐந்தாவதாக இருந்தது. அது பார்க்கக் கம்பீரமாக இருப்பதாக அவளுக்குப் பட்டது.

இருபத்தைந்தாவது இடத்தில் ஒரு பழைய செருப்புக் கிடந்தது. பக்கத்து ஊரிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்த கைறுன்னிஸா ராத்தாவின் செருப்பு அது.

"கல்லு கிடைக்கல்ல மகள். செருப்பு வைச்சா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ஓம் ராத்தா. ஆனா ஒத்தச் செருப்போட எப்பிடி நடப்பீங்க?"

"பால்மா கிடைச்சா ஒத்தக் காலிலயும் நடப்பன் புள்ள."

இருவரும் சிரித்தார்கள். ராத்தாவின் குழந்தை சிரிக்கவில்லை. அதன் கால்களும் தம்பியின் கால்களைப் போலவே இருந்தன.

மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மேடையை முற்றத்தின் மறுபக்கம், வாகை மரத்தின் கீழ் கட்டியிருந்தார்கள். மனேச்சர் மேடையில் ஏறிக் கையைத் தட்டினார்.

"பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். ஏன் வெயில்ல நிண்டு கருகுறீங்க? கல்ல வைச்சிட்டு எல்லாரும் இஞ்சால வாங்க. நிழல்ல இருந்து பாட்டுக் கேளுங்க!"

நல்ல மனிதர் என்று எல்லோரும் நினைத்தார்கள். மக்டலினும்தான் நினைத்தாள். வரிசையில் கற்களும் செருப்பும் மட்டும் நிற்க, ஊர் முழுவதும் மரநிழலில் வந்து உட்கார்ந்தது. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் கடைக்கு முதுகு காட்டத்தான் வேண்டும்.

சிறில் மாமா வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தார். ஒருவர் றபான் மேளத்தைத் தட்டினார். மக்டலின் வாயைத் திறந்தாள். வாகை மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. சனங்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டுக்குச் சில பேர் எழுந்து ஆடவும் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் சிரிப்பை மறந்திருந்த முகங்கள் அவை. மக்டலினுக்கு நெஞ்சு நிறைந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில்தான் அவள் அதைக் கண்டாள்.

மேடை உயரமாக இருந்ததால் கடையின் பின்பக்கம் ஒரு துண்டு தெரிந்தது. அங்கே வாவிக்கரையில் ஒரு தோணி நின்றது. இரண்டு பேர் பெட்டி தூக்கினார்கள். பெட்டியில் குண்டுக் குழந்தையின் படம்.

இன்னும் பால்மா வருகிறதாக்கும் என்று முதலில் அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு அந்த ஆட்களின் கால்களைக் கவனித்தாள். வெறுங்கையோடு கடைக்குள் போனார்கள். பெட்டியோடு தோணிக்குப் போனார்கள்.

பெட்டிகள் வரவில்லை. போய்க்கொண்டிருந்தன.

மக்டலினின் குரல் தடுமாறியது. மேடையின் ஓரத்தில் நின்ற மனேச்சர் உடனே, பாடு, பாடு என்று கையை ஆட்டினார். அவர் கடைப்பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

மக்டலினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் நன்றாகப் பாடுகிறாள் என்று அவர் கூப்பிடவில்லை. சத்தமாகப் பாடுகிறாள் என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஓவென்று அழலாம் போல இருந்தது.

ஆனால் முதல் பேணி அவளுக்குத்தானே? பேசாமல் பாடி முடித்தால் தம்பிக்குப் பால் நிச்சயம். வாயைத் திறந்து சொன்னால்?

அவள் கீழே பார்த்தாள். கைறுன்னிஸா ராத்தா முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மக்டலின் மூச்சை இழுத்துவிட்டாள். மெட்டை மாற்றவில்லை. சொற்களை மாற்றினாள்.

"தோணி வந்தது பார் மச்சாள், பின்னால்
தோணி வந்தது பார்!
பெட்டி போகுது பார் மச்சாள், பால்
பெட்டி போகுது பார்!"

என்ன நடந்தது தெரியுமா? சனங்கள் கைதட்டினார்கள்! புதுப்பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். "பெட்டி போகுது பார்!" என்று எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அன்னப்பூரணி மாமி இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று ஆடியும் காட்டினாள். பெட்டிகள் உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தன.

மக்டலின் இன்னும் உரக்கப் பாடினாள். அவர்கள் இன்னும் உரக்கத் தட்டினார்கள். மனேச்சரின் முகம் மட்டும் வெளிறிப்போனது. "றபானப் பலமா அடி!" என்று கத்தினார்.

உண்மையைப் பாடினாலும் கேட்க ஆளில்லை என்றால் என்ன செய்வது? மக்டலின் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு கையை நீட்டிக் கடைப்பக்கம் காட்டியபடி அப்படியே நின்றாள்.

வயலின் தனியாகச் சற்றுத்தூரம் போய் நின்றது. றபானும் ஓய்ந்தது. அவ்வளவு பெரிய குரல் திடீரென்று நின்றால் யாருக்கும் என்னவோ செய்யும். முதலில் ராத்தா திரும்பினாள். பிறகு ஊரே திரும்பியது.

பெட்டியொன்று தரையில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். அவர்கள் கரைக்குப் போவதற்குள் தோணியைத் தள்ளிவிட்டார்கள். எட்டுப் பெட்டிகள் வாவியில் போய்விட்டன. இரண்டு பெட்டிகள் மட்டும் மணலில் கிடந்தன.

"அக்கரைக் கடைக்குத்தான் அனுப்பினன்" என்றார் மனேச்சர்.

"அப்ப ஏன் ஐயா பின்கதவால?" என்று கேட்டார் மீன்பிடிக்காரர் வல்லிபுரம். "பாட்டு வைச்சுத்தானா அனுப்புவீங்க?"

மனேச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. சுற்றிலும் பார்த்தார். அவர் கண்ணில் மக்டலின் பட்டாள்.

"என்னைக் கேக்காதீங்க. இந்தப் புள்ளையக் கேளுங்க. முதல் பேணி கிடைக்குமெண்டுதான் பாட வந்தவ!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சற்று முன் அவளுக்குக் கைதட்டிய அதே ஆட்கள்தான்.

"அதுக்குத்தானா இந்தச் சத்தத்தில பாடின நீ?" என்றாள் அன்னப்பூரணி மாமி.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொய்.

"ஓம். பேணி தாறனெண்டு சொன்னவர்தான். பெட்டி களவு போகுமெண்டு எனக்குத் தெரியா. கண்ட உடன சொன்னன். நீங்கதான் கைதட்டினீங்க."

மக்டலின் வரிசைக்குப் போனாள். ஐந்தாவதாக இருந்த தன் அரைச் செங்கல்லை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கடைசிக் கல்லுக்குப் பின்னால் வைத்தாள்.

"எனக்கு முதல் பேணி வேணாம்" என்றாள்.

ஒருவராவது, முன்னுக்கு வா புள்ள என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வீட்டில் பசி இருந்தது.

இரண்டு பெட்டிகளிலும் இருபத்து நாலு பேணிகள். கடைசிப் பேணி செருப்புக்குக் கிடைத்தது. மக்டலினுக்கு அரை விலைப் பருப்பு மட்டும் கிடைத்தது. அவள் பருப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அழுதால் யாரும் காணக்கூடாது என்று வேகமாக நடந்தாள்.

"நில்லுகா! ஒத்தச் செருப்போட எவ்வளவு தூரம் ஓடுறது?"

பின்னால் மூச்சு வாங்க வந்தாள் கைறுன்னிஸா ராத்தா. அவசரத்தில் வரிசையிலிருந்த செருப்பை எடுக்கவே மறந்துவிட்டாள். வேலியோரம் உட்கார்ந்து பேணியைத் திறந்தாள். ஒரு கடதாசியை விரித்து மாவைக் கொட்டத் தொடங்கினாள். பேணி பாதியாகும்வரை நிறுத்தவில்லை.

"வேணாம் ராத்தா! உங்கட புள்ளைக்குக் காணாது!"

"காணாதுதான்" என்றாள் ராத்தா. "நீ வாயத் திறக்காட்டி எனக்கு இதுவும் இல்ல. பிடி, காத்துக்குப் பறக்கப்போகுது."

அன்று தம்பி பால் குடித்துவிட்டு அழாமல் தூங்கினான். அம்மா பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய் அவனுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

அந்த அரைப் பேணி எட்டு நாட்கள் வந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி கஞ்சித் தண்ணீர்தான்.

பட்டணத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். எழுதினார்கள். மனேச்சர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள். போய்விட்டார்கள். எட்டுப் பெட்டிகள் திரும்பி வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட நல்லரத்தினம் மட்டும் ஒரு மாதத்தில் அதே வெள்ளைச் சட்டையோடு அதே கதிரைக்குத் திரும்பி வந்தார்.

மார்கழியில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, மக்டலின் சீனிக்கு வரிசையில் நின்றாள். இப்போது வரிசையில் ஒரு கல்லும் இல்லை. மழை தூறினாலும் எல்லோரும் தங்கள் கால்களிலேயே நின்றார்கள்.

மனேச்சர் வெளியே வந்தார். நடந்தது எல்லாம் மறந்துபோனவர் போலச் சிரித்தார்.

"என்ன புள்ள, நத்தாருக்கு மலிவு விற்பனை வைக்கப்போறம். பாடுவியா?"

வரிசை முழுவதும் மக்டலினைத் திரும்பிப் பார்த்தது.

"பாடுறன் ஐயா" என்றாள் அவள். "ஆனா இந்தமுறை மேடையக் கடைக்குப் பின்னால, தோணி வாற இடத்தில கட்டுங்க."