கறுப்பு நூல்கண்டு

சோற்றில் முடி கிடந்தது. முழ நீளத்துக்கு, கருகருவென்று, கணவனின் விரலில் தொங்கியது. அவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். போன வாரம்தான் அழகு நிலையத்தில் போய் உட்கார்ந்து, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இது என்னோடது இல்லைங்க. என் தலையைப் பாருங்க."

"பின்ன என்னோடதா?" தன் வழுக்கையைத் தட்டிக்காட்டிச் சிரித்தான். எழுந்துபோய், தையல் மெஷின்மேல் இருந்த நூல்கண்டில் அந்த முடியைச் சுற்றினான்.

எல்லாம் காய்ச்சலில் வந்த வினை. உடம்பு தேறிச் சில மாதம் கழித்து, சீப்பை வைத்தால் அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக வந்தது. "காய்ச்சலுக்கு அப்புறம் இப்படித்தாம்மா கொட்டும். வேர் உள்ளேயே இருக்கு, திரும்ப முளைக்கும். நல்லா சாப்பிடு, தூங்கு, கவலைப்படாதே" என்றார் டாக்டரம்மா. கவலைப்படாமல் இருக்க விட்டால்தானே! வீட்டின் முன்னறையே அவன் தையல் கடை. துணியிலோ தட்டிலோ சோப்பிலோ ஒரு முடி அகப்பட்டால் போதும், ஒரு காலி நூல்கண்டில் சுற்றிவைப்பான். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டுவான். "நூலுக்குச் செலவே இல்ல சார், வீட்லயே விளையுது." அவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் தலையா? அந்த ஆத்திரத்தில்தான் வெட்டித் தள்ளினாள்.

வெட்டிய பிறகும் கண்டு பருத்துக்கொண்டே போனது. எவள் முடியையோ பொறுக்கிக்கொண்டு வருகிறான், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று குமுறியபடி, அவன் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்தாள்.

வெதுவெதுவென்று இருந்தது. தலைக்குக் குளித்துத் துவட்டாத ஈர வாசனை. துண்டு துண்டாகச் சுற்றிய முடியெல்லாம் ஒட்டி ஒரே இழையாக ஓடியது. பிடித்து இழுத்தாள். அவள் உச்சந்தலையில் சுரீரென்றது.

கண்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் மழை இருட்டு. தனக்கென்று ஒரு கறுப்புச் சட்டை தைத்துக்கொண்டிருந்தான். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர் ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார்.

"ஏய் மொட்டை! கறுப்பு நூலை எடு!" திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான்.

பெஞ்சுக்காரர் களுக்கென்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான். அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஊசி கோர்ப்பேன் என்று பீற்றிக்கொள்கிற அந்தக் கையில், முடிக்கண்டை வைத்தாள். தைங்க, ஆசை தீரத் தைங்க.

மெஷின் கடகடத்தது. ஒவ்வொரு தையலுக்கும் அவள் தலையில் ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டான்.

"காலர் அரிக்குதுடி." சொறிந்தான். இருமினான். "கழட்டு."

பித்தானைக் கழற்றினாள். சட்டை வரவில்லை. தையலோரமெல்லாம் தோலோடு ஒட்டிக் கிடந்தது. தோளில் ஒரு தையலைக் கத்தரித்தாள். அலறினான். கத்தரியில் ரத்தம். அவள் காதோரமும் சூடாக ஏதோ வழிந்தது.

ஒவ்வொரு தையல் துளையிலும் வெள்ளையாக ஒரு வேர். அதிலிருந்து கறுப்பாக முடி. மெல்ல மெல்ல. நீண்டுகொண்டு.

"எடுத்துடு... தெரியாம பண்ணிட்டேன்... எடுத்துடு தாயே."

இப்போதா தாயே? எத்தனை நாள், எத்தனை பேருக்கு முன்னால்! கத்தரியைக் கீழே வீசினாள். அது போய்ப் பெஞ்சடியில் விழுந்தது.

அவன் மறுபடி இருமினான். நாக்கில் ஒரு முடி. பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. முடியவே இல்லை. கண் பிதுங்கியது. கை மட்டும் பழக்கம் விடாமல் மெஷின்மேல் துழாவி, காலிக் கண்டை எடுத்தது.

சுற்ற ஆரம்பித்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் தலை வெடுக்கென்று அவன் பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றிப் பார்த்தாள். நிற்க முடியவில்லை.

ஓர் அடி. இன்னோர் அடி.

அவன் வாய் திறந்தே இருந்தது. கை சுற்றிக்கொண்டே இருந்தது.