அறுவடை மாதத்தில் ஒரு மரணம்

"ஐயோ... கிளார்க் சார்!"

காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் பதிவறையைத் திறந்த பியூன் போட்ட அலறல், வாசல் வரை கேட்டது.

கவிழ்ந்த ஏணிக்குப் பக்கத்தில் கிளார்க் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. மார்பின் மேல், விரித்தபடி ஒரு பழைய பிறப்பு இறப்பு ரெஜிஸ்டர்!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வந்ததும் அவர் பிடித்தது கரையானை.

கரையான் என்பது அவளுக்கு அந்த அலுவலகம் வைத்த பெயர். பழைய ரெஜிஸ்டர்களுக்குள் புகுந்து, விவசாயக் குடும்பங்களின் வம்சாவளியைத் தோண்டி எடுப்பதுதான் அவள் பிழைப்பு.

"நேத்து கடைசியா உள்ளே வந்தது நீதானே? வருகை நோட்டுல உன் கையெழுத்து இருக்கு."

"ஆமா சார். ஆனா அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன்."

"சண்டை போட்டுட்டுக் கிளம்பினே! பியூன் காதால கேட்டிருக்கான்."

சண்டை உண்மைதான்.

"இவளைத்தான் சார் பிடிச்சு உள்ளே போடணும்!"

வாசலில் கூடிய கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தவர் மில்காரர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். தன் குடும்ப வம்சாவளியை எழுதித் தரச் சொல்லி அவளை அமர்த்தியவரே அவர்தான்!

"வாயைப் பொத்துண்ணே! அந்த ரெஜிஸ்டரால லாபம் யாருக்குன்னு ஊருக்கே தெரியும்."

சீறியவர் டிராக்டர்காரர், மில்காரரின் பங்காளி. இருவரும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுப்பேரன்கள். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் நிலத்துக்காகத்தான் இத்தனை பகையும்.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைக் காட்டினார்.

"என்ன இது?"

பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி. கொள்ளுத்தாத்தாவின் இளைய மகன், பிறந்த பன்னிரண்டாம் நாள் இறப்பு. மார்ச் ஐந்தாம் தேதி இறந்து, அன்றே பதிவு!

"அந்த இளைய மகன்தான் சார் இவரோட தாத்தா" என்றாள் கரையான், டிராக்டர்காரரைக் காட்டி. "தாத்தா குழந்தையிலேயே செத்துட்டாருன்னா, இவரு அந்த வம்சமே இல்லை. நிலம் மொத்தமும் மில்காரருக்கு."

"அடப்பாவி!" டிராக்டர்காரர் மில்காரர் மேல் பாய்ந்தார். கான்ஸ்டபிள் இழுத்துப் பிடித்தார்.

"சண்டை எதுக்கு?" இன்ஸ்பெக்டர் அவளை விடுவதாயில்லை.

"இந்த வரியைப் பார்த்து எழுதிட்டிருந்தேன். கிளார்க் திடீர்னு கத்தினாரு. 'மேலே கீழே பார்க்காம எழுதுறியே, நீயெல்லாம் ஒரு கரையானா'ன்னு. எனக்குக் கோபம் வந்து..."

சட்டென்று நிறுத்தினாள்.

மேலே கீழே...!

"சார், ரெண்டு நிமிஷம் குடுங்க. அப்புறம் விலங்கு மாட்டுங்க."

ரெஜிஸ்டரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மேல் வரி, பிப்ரவரி பத்து. அடுத்த பக்கம், மார்ச் இருபத்தெட்டு. முந்தைய வருஷத்தைப் புரட்டினாள். அதற்கும் முந்தையதை... ஒவ்வொரு வருஷமும் அதே ஆறு வாரம் வெறிச்சோடிக் கிடந்தது!

"அறுவடை சார்! அந்த ஆறு வாரத்துல பிறந்தாலும் செத்தாலும், எல்லாம் அறுவடை முடிஞ்ச பிறகுதான் மொத்தமா வந்து பதிஞ்சிருக்காங்க."

"எங்க தாத்தா காலத்துல அப்படித்தான்" என்றார் டிராக்டர்காரர். "கதிரை வயல்ல விட்டுட்டு எவன் ஆபீசுக்கு வருவான்?"

"ஆனா இந்த ஒரு சாவு மட்டும் அன்னைக்கே பதிவாகியிருக்கு. இது பொய்ப் பதிவு! வயல்ல கால் வைக்காத முட்டாள்தான் சார் இப்படி ஒரு தேதி போடுவான்."

அவள் பார்வை மடிப்புக் கலையாத சட்டையில் போய் நின்றது.

மில்காரரின் முகம் சிவந்தது.

"யாருடி முட்டாள்? தேதி போட்டது நானா? அந்தக் கிளார்க்தான்... அவனே பார்த்து..."

பாதியில் வாய் மூடிக்கொண்டது.



"சொல்லுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், தேன் ஒழுக. "அவனே பார்த்து...?"

மில்காரர் வாசல் பக்கம் பார்த்தார்.

"மிரட்டி எழுத வெச்சீங்க" என்றாள் கரையான். "சாயங்காலம் கிளார்க் 'மேலே கீழே பாரு'ன்னு எனக்குக் குறிப்புக் குடுத்ததைப் பின்வாசல்ல நின்னு கேட்டிருக்கீங்க. நான் போனதும் அவரை ஏணியிலிருந்து தள்ளியிருக்கீங்க."

"அந்தக் கிழவன்... தப்பான தேதி போட்டு என்னை ஏமாத்திட்டான்!"

"முப்பது வருஷம் இந்த ரெஜிஸ்டர்லயே கிடந்தவரு. அறுவடை மாசம் அவருக்கா தெரியாது? பொய்னு தெரியட்டும்னு வேணும்னேதான் போட்டிருக்காரு!"

நேற்று அவரைத் திட்டிவிட்டுப் போனது அவள் நெஞ்சைக் குத்தியது.

விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.

"எ... என் வக்கீலைக் கூப்பிடணும்!"

"கூப்பிடுங்க சார்" என்றாள் கரையான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அறுவடை நேரம் பாருங்க... வர்றதுக்கு ஆறு வாரம் ஆகும்!"