கிள்ளுப்பிடி

உடுமலைப்பேட்டையில் பேருந்து ஏற வேண்டுமானால் கதவருகே உள்ள பிடியை முழு பலத்தோடு ஒருமுறை நசுக்க வேண்டும். நசுக்கியதும் மேலே சின்னத் திரையில் எண் ஒளிரும். அறுபது. எழுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு. பின்னால் நிற்பவர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொள்வார்கள். வங்கி வாசலிலும் கல்யாண மண்டபத்திலும்கூடப் பிடிமானி என்கிற அதே கருவிதான். அது காட்டுவது ஆயுள் எண்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், கைப்பிடி பலம் குறைந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே நோயில் விழுவது தெரியவந்தது. ரத்தம் எடுக்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், ஒரு நொடி நசுக்கினால் போதும். மருத்துவமனைகள் கூட்டத்தை அந்த எண்ணால் பிரித்தன. ஐம்பதுக்குக் கீழே வந்தால் அன்றே பரிசோதனை; எண்பதுக்கு மேலே என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. வேலை கொடுப்பவர்களும் எண் கேட்கத் தொடங்கினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்களும் கேட்டார்கள். எண்ணை ஏற்றித் தரும் பயிற்சி நிலையங்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்தன.

தளி சாலையில் மிதுலா நடத்தியது அப்படி ஒரு நிலையம். அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபது ஆண்டுகளாக ஊரின் கைகளை அவள்தான் இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் வந்தவர்களில் பேர் பெற்றவன் நிகிலன். காற்றாலைகளின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்ப்பவன். கோபுரம் ஏறுவதற்கு எண்பத்தைந்து வேண்டும், அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு. வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். நிறுவனத்தின் வாசலில் அவனுடைய படத்தை மாட்டியிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் ஸ்பிரிங் கிரிப்பரை நூறு தடவை நசுக்கி முடித்துவிட்டு, கையை உதறியபடி சொன்னான்.

"இந்த மாசத்துல நாலு வாஷரு கீழ போட்டுட்டேனுங்க்கா. மேல நின்னு மாட்டறப்ப விரலுல நிக்க மாட்டீங்குது. கையி வேர்க்குதாட்ட இருக்குது."

"நாலா? நீயா?"

மிதுலா எழுந்துபோய் இரண்டு ஐந்து கிலோ இரும்புத் தட்டுகளை எடுத்து வந்தாள். வழுவழுப்பான பக்கங்கள் வெளியே இருக்கும்படி ஒட்டிவைத்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இதக் கிள்ளித் தூக்கு பாக்கலாம்."

"இதுக்கு எண்ணு வராதுங்களே?"

"வராது. தூக்கு."

யாரும் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குவதில்லை. பிடிமானி அளப்பது நசுக்குப்பிடியை மட்டும்தான். நான்கு விரல்களும் மடங்கி உள்ளங்கையை நோக்கி இறுக்குவது அது. பலம் முன்கையிலிருந்து வரும். கட்டைவிரல் சும்மா இருந்தாலும் பெரும்பகுதி வேலை நடந்துவிடும். கிள்ளுப்பிடி அப்படியல்ல. அதில் உள்ளங்கை எதையும் தொடாது. ஒரு பக்கம் கட்டைவிரல், எதிர்ப்பக்கம் விரல் நுனிகள். கட்டைவிரலின் அடியில் இருக்கிற சின்னத் தசைகள்தான் பாரம் முழுவதையும் தாங்க வேண்டும். ஏணிக் கம்பியைப் பற்றுவது முதல் பிடி. வாஷரை எடுப்பது இரண்டாவது.

நிகிலன் தூக்கினான். தட்டுகள் ஓர் அங்குலம் எழும்பின. பிறகு வழுக்கித் தரையில் விழுந்து உருண்டன. இன்னொரு முறை முயன்றான். அப்போதும் விழுந்தன.

மிதுலா அவனுடைய வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை குழிந்திருந்தது. வாரத்துக்கு நான்கு நாள் தொட்டுப் பழகிய கை அது. இருந்தும் அவள் இதைப் பார்க்காமல் விட்டிருந்தாள். அந்தக் கையில் அவள் இத்தனை நாளும் எண்ணை மட்டுமே பார்த்திருந்தாள்.

"நிகிலா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"எனக்கென்னுங்க்கா? தொண்ணூத்தி ரெண்டு!" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

மருத்துவமனை வாசலில் பிடிமானியை நசுக்கினான். தொண்ணூற்றிரண்டு. பரிசோதனைச் சீட்டு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஊழியர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூணு வருசம் கெடக்குதுங்க."

"கட்டவெரலு பலமில்லாம போச்சுங்க. சித்த பாக்கச் சொல்லுங்க."

"கட்டவெரலுக்குன்னு தனியா எண்ணு இல்லீங்களே. எண்ணு எறங்குனாத்தான் மிசினு சீட்டுப் போடும். நம்ம கையில ஒண்ணுமில்லீங்க. தொண்ணூத்தி ரெண்ட வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீங்கதான்."

அவன் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். அடுத்த இரண்டு வாரத்தில் மிதுலா அவனை மூன்று முறை அனுப்பினாள். ஒருமுறை அவளும் கூடப் போய்ச் சண்டை போட்டாள். இயந்திரம் அசையவில்லை. அதற்குள் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட மனைவி உதவ வேண்டியதாயிற்று.

"மெதுவா நசுக்கீரட்டுங்களா?" என்றான்.

"கண்டுபுடிச்சுரும். வேணும்னே விட்டுப் புடிச்சா தசையோட நடுக்கம் வேற மாதிரி இருக்கும். பொய்யின்னு பதிவு பண்ணி ஒரு வருசம் முடக்கிருவாங்க." மிதுலா கனமான ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "பொய் சொல்ல வேண்டாம் நிகிலா. நெசமாவே பலமில்லாமப் பண்ணீரலாம்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடமானது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. மருத்துவமனையில் பதிவாகும் எண் அந்த நொடியே நிறுவனத்துக்கும் போகும். கோபுரம் ஏறும் அனுமதி அத்தோடு போய்விடும்.

"பதினெட்டு வருசமா ஏறீட்டிருக்கறேனுங்க்கா," என்றான். "எறங்குனா வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"எறங்காட்டி என்னாகும்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். முதலில் கனமான ஸ்பிரிங், பிறகு அதைவிட லேசானது, பிறகு கம்பியில் தொங்குதல், மறுபடியும் ஸ்பிரிங். மிதுலா எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது நிமிடத்தில் அவனுடைய முன்கை கல்லாக இறுகிவிட்டது. ஒரு மணி நேரமானபோது குழந்தைகளுக்கான ஸ்பிரிங்கைக்கூட மூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. வலியாலா வேறெதனாலா என்று அவள் கேட்கவில்லை. கை மீண்டும் தேறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வாசலில் தயாராக நின்ற ஆட்டோவில் அவனை ஏற்றிக்கொண்டு போனாள்.

பிடிமானி சற்று நேரம் யோசித்தது. முழு முயற்சி, உண்மை என்று பச்சை விளக்கு எரிந்தது. நாற்பத்து நான்கு. சீட்டு வெளியே வந்தது. அதே நேரம் நிகிலனின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. அவன் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

மருத்துவர்கள் அதற்கு நரம்புலர்வு என்று பேர் சொன்னார்கள். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோகும் நோய். அது முதலில் தின்பது கட்டைவிரலின் அடிச்சதையை. முஷ்டியை மூடும் தசைகளுக்கு வந்துசேர ஒன்றிரண்டு ஆண்டு ஆகும்; பிறகு நெஞ்சுக்கு ஏறும். ஊசி இருக்கிறது. போனதைத் திருப்பித் தராது. இருப்பதை நிறுத்திவைக்கும். "எண் இறங்கட்டும்னு காத்திருந்தா நாங்க பாக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது," என்றார் மருத்துவர்.

நிகிலன் பிழைத்தான். வலது கையின் கட்டைவிரல் அரைகுறையாக நின்றுவிட்டது. சில மாதம் மிதுலாவிடம் பேசவில்லை. நிறுவன வாசலிலிருந்து தன் படம் கழற்றப்பட்டதை அவன் நேரில் பார்த்தான் என்று மனைவி சொன்னாள். பிறகு ஒருநாள் அவனே வந்து, "வீட்டுல உக்காந்துட்டே இருக்க முடியலீங்க்கா," என்றான். முன்வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களைப் பதிவு செய்யும் வேலையைக் கொடுத்தாள்.

அந்தச் செய்தி ஆயுள் எண் வாரியத்தை எட்டியது. ஃபர்ஹானா என்ற ஆய்வு அதிகாரி சென்னையிலிருந்து நேரில் வந்து இரண்டு நாள் தங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அரைமணி நேரம் தட்டுகளைத் தானே கிள்ளித் தூக்கிப் பார்த்தார். எட்டு மாதத்தில் மாநிலம் முழுவதும் பிடிமானிகளின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிள்ளுத்தகடு பொருத்தப்பட்டது. முதலாண்டில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நோய் முற்றுவதற்குள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மிதுலா அந்த எண்ணைச் செய்தியில் கேட்ட அன்று நிலையத்தில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

கிள்ளும் பலம் ஆயுள் எண்ணில் சேர்ந்ததும் கூட்டம் அதற்குத் திரும்பியது. இரும்புத் தட்டுகள் கிடைக்கவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு நிலையம், "முப்பதே நாளில் கிள்ளுப்பிடி" என்று பலகை வைத்தது. மிதுலாவும் கற்றுக்கொடுத்தாள். கேட்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

அப்படி வந்தவர்களில் ஒருத்தி கிருத்திகா. பள்ளி ஆசிரியை, வயது முப்பத்தொன்பது. கிள்ளும் எண் எழுபதிலிருந்து அறுபத்து நான்குக்கு இறங்கிவிட்டது, தலைமை ஆசிரியர் தேர்வுக்கு முன் ஏற்றித் தர வேண்டும் என்றாள். கடும் உழைப்பாளி. விடியற்காலையில் முதல் ஆளாக வருவாள். இரண்டு மாதத்தில் எண்பத்தொன்று. தேர்வாகிவிட்டாள். மிதுலாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் கிருத்திகா கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்தாள். பேச்சு குழறியது. நரம்புலர்வு கழுத்துவரை ஏறியிருந்தது. எண் இறங்கத் தொடங்கியதே நோயால்தான். மிச்சமிருந்த நரம்புகளைப் பயிற்சி இரண்டு மடங்கு உழைக்கவைத்தது. அதனால் சதையும் மேடிட்டது, எண்ணும் ஏறியது. எண் ஏறியதால் யாரும் பார்க்கவில்லை. மருத்துவமனையில் படுத்த அன்றுகூட அவளுடைய கிள்ளும் எண் எழுபத்து நான்கு.

"நல்லாத்தானேங்க... ஏத்திக் குடுத்தீங்க?" என்றாள் கிருத்திகா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

அவர்கள் போன பிறகு மிதுலா தட்டுகளையெல்லாம் வாரி உள்ளறையில் போட்டாள். அன்றிலிருந்து எண் இறங்குகிறது என்று வந்தவர்களிடம், "ஏத்தித் தர மாட்டேனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள். மருத்துவமனையோ, எண் போதிய அளவு இறங்கவில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். அந்த ஆண்டு மாநிலத்தில் கிள்ளுத்தகட்டால் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒன்பதே பேர். நோய் குறைந்துவிட்டது என்று வாரியம் அறிவித்தது.

ஆனால் உடுமலைப்பேட்டையிலிருந்து மட்டும் அதே ஆண்டில் பதினொரு பேர் தகட்டின் துணையில்லாமல் நேரே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பதினொருவரும் மிதுலாவின் கடிதத்தோடு, அந்த ஆண்டுதான் ஊருக்கு வந்திருந்த, எண் பார்க்காத ஒரு தனியார் மருத்துவரிடம் போனவர்கள். ஃபர்ஹானா கோப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

மிதுலா நிகிலனைப் பார்த்தாள். கண்டுபிடித்தது அவன்தான். நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்கள் குனிந்து செருப்பின் கொக்கியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நோய் தொடங்கியவர்கள் கட்டைவிரலை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் வாரை நெம்பி எடுப்பார்கள். அவர்களுக்கே அது தெரியாது. அவனுக்குத் தெரியும். மூன்று மாதம் அவன் அப்படித்தான் கழற்றியிருந்தான்.

"சொன்னா எழுதுவீங்களா மேடம்?" என்றான் நிகிலன்.

"எழுதித்தானே ஆகணும்."

"எழுதுனா அது செத்துரும். மறு வருசம் கொக்கி கழட்டறதுக்கு எதிர்ச்சாரியில கிளாஸ் எடுப்பாங்க."

"எழுதலைன்னா மத்த ஊர்ல ஆளுங்க சாவாங்க," என்றார் ஃபர்ஹானா. "உடுமலைக்கு நீங்க இருக்கீங்க. வந்தவாசிக்கு யார் இருக்கா?"

மிதுலா நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபர்ஹானாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்குங்க," என்றாள். "எத்தனை நாளைக்கு நிக்குதோ நிக்கட்டும்."

வாரியம் ஊர்தோறும் வாசல்களில் ஆள் வைத்து, செருப்பு கழற்றும் விதத்தையும் எண்ணோடு சேர்த்தது. ஏழு மாதம் நின்றது. அந்த ஏழு மாதத்தில் மாநிலமெங்கும் இருநூற்று நாற்பது பேர் பிழைத்தார்கள். எட்டாம் மாதம் எதிர்ச்சாரி நிலையம் மரப்பலகையில் வரிசையாகக் கொக்கிகளை அடித்துப் பயிற்சிக்கு வைத்தது. வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நிமிர்ந்து நின்று, கட்டைவிரலை நன்றாகத் தெரியும்படி வைத்து, அழகாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

நிகிலன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தண்ணீர்க் குழாயடிக்குப் பக்கத்தில், சுவரோரமாகப் போட்டுக்கொண்டான்.

"அங்கென்ன தெரியுது?" என்று கேட்டாள் மிதுலா.

"இன்னும் ஒண்ணும் தெரியலீங்க்கா," என்றான். "பாத்துட்டே இருக்கறேன்."