நனைத்த பலகை

பலகைகளின் சூட்டை அளக்கும் வெப்பக்கண் என்ற ட்ரோன் நாளொன்றுக்கு மூன்று முறை வேலன்குளம் சூரிய மின்பண்ணையின் மேல் பறந்தது. பக்கத்துப் பலகையைவிட ஒன்று அதிகம் சுட்டால் அதற்குள் பழுது என்று பொருள். பழுதுள்ள வரிசையை நிறுத்திவிடுவார்கள். அதைத் துடைப்பவர்களுக்கு அன்று வேலை இல்லை. ஆகவே கண் வரும் நேரம் பார்த்து, சுடும் பலகையை ஈரத்துணியால் ஒற்றி ஆற்றிவைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் பதினான்காம் வரிசையில் அப்படி ஆற்றிவைத்த பலகை ஒன்று தீப்பிடித்து, துடைப்பவர்களின் தலைவர் காளிராஜின் வலக்கையைப் பொசுக்கியது. பழுது பார்க்கும் பொறியாளர் ஜெனோவாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி யாரும் கண்ணை ஏமாற்றக் கூடாது என்று உட்கார்ந்து அதன் மூளையையே திருத்தி எழுதினாள்.

"இனிமே ஒரு தடவ பாத்துட்டுப் போயிராதுண்ணே. பத்து நிமிசம் விட்டுத் திரும்பப் பாக்கும். நனைச்சது காஞ்சு மறுபடி சூடு ஏறுச்சுன்னா பிடிச்சுரும்."

"எங்க பொழப்புல மண்ணப் போடுறியேம்மா," என்றார் காளிராஜ்.

"கை இருந்தாத்தானண்ணே பொழப்பு."

பதினான்காம் வரிசையை நிறுத்தும் விசையில் துடைப்பவர்கள் விளையாடிவிடக் கூடாதென்று, அதைத் தன் உள்ளங்கைக்கு மட்டும் இணங்கும்படி அமைத்தாள். காய்ச்சல்காரர்களைத் தடுக்கும் வாயிற்கண்ணுக்கும் இதே மூளையைப் பொருத்தலாமா என்று நிர்வாகம் கேட்டபோது, பெருமையாகத் தலையாட்டினாள்.

புதன்கிழமை அவளுக்கே காய்ச்சல். விடுப்பில் படுத்திருந்தவளுக்குப் பத்து மணிக்குச் செய்தி வந்தது: பதினான்காம் வரிசை, ஆறாவது பலகை கொதிக்கிறது. காளிராஜின் கை கண்முன் வந்தது. அந்த வரிசையை நிறுத்த அவள் உள்ளங்கை வேண்டும். எழுந்து ஓடினாள்.

வாயிலில் கண் அவளை உள்ளே விட மறுத்தது. சற்றும் யோசிக்காமல் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பொறுங்கள்," என்றது கண். பத்து நிமிடம் ஆயிற்று. நெற்றி காய்ந்து மறுபடி சுட்டது. கதவு அசையவில்லை.

கட்டுப்போட்ட கையோடு காளிராஜ் உள்ளிருந்து கம்பியருகே வந்தார். "நனைச்சிட்டா வந்த?"

"ஆமாண்ணே." வெட்கமாக இருந்தது. இருந்தாலும் குரல் தளரவில்லை. "பதினாலுல ஒருத்தரையும் நிக்க விடாதீங்க. எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. இப்பவே."

அவர் ஓடினார். தூரத்தில் மெல்லிய புகை எழுந்தது. ஒலிபெருக்கி அமைதியாக அறிவித்தது:

"இரண்டு பழுதுகள். வரிசை பதினான்கு, பலகை ஆறு. வாயில், பணியாளர் ஜெனோவா: நனைத்து மறைத்த சூடு, உள்ளே அனுமதி இல்லை. இரண்டையும் சரிசெய்ய ஜெனோவாவை உடனே அழைக்கவும்."