கருப்பில் தொடங்கிய பலகை

மழைக்கு ஒதுங்கினவன் மழையைப் பார்க்கவில்லை... அவளுடைய கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்த்தான்.

"ஏங்க, இந்த போர்டுல யாரு வெளையாடப் போறாங்க?" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செந்தமிழுக்குச் சுருக்கென்றது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த பிரவுசிங் சென்டரில், கண் எரிய எரிய பி.எச்.பி.யில் அவள் எழுதிய பக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் செஸ் போட்டியை வெளியூர்க்காரர்களும் அதில்தான் பார்க்கப் போகிறார்கள். அவளை நம்பி வந்த முதல் வெப்சைட் வேலை. கட்டமெல்லாம் அத்தனை அழகாக வந்திருக்கும்போது, நனைந்த கோழியாக வந்து நிற்கிறவன் குறை சொல்வதா?

"உங்களுக்கு பிரிண்ட் அவுட் வேணுமா, இல்ல மழை விடணுமா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பெயர் புருஷோத்தமன் என்றும், பசங்களுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பதாகவும், அந்தப் போட்டியை நடத்துகிறவர்களில் தானும் ஒருவன் என்றும் சொன்னான். ஆடுகிறவருக்கு வலது கை ஓரக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். இவள் பலகையில் அது கருப்பு... வெள்ளை ராணியும் பாவம், கருப்பில் நிற்கிறாள். சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு குறும்பு. அதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் பாதியில் இறங்கிவிட்டது. இறங்கிவிட்டதே என்று மறுபடியும் கோபம் வந்தது. மாற்ற முடியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

மழை விடும் முன்பே அவன் போய்விட்டான்.

போன பிறகுதான் மனசு கேட்கவில்லை. தேடிப் பார்த்தாள்... அவன் சொன்னதுதான் சரி. வரிசை எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டி, இரட்டைப்படை வந்தால் கருப்பு என்று புரோகிராமில் எழுதியிருந்தாள். வெள்ளை என்று மாற்ற ஒரு நிமிஷம் போதும். வீம்புதான் விடவில்லை. போட்டிக்கு முதல் நாள் காலையில், ஒருவழியாக மாற்றினாள். இனி அவன் எதற்கு வரப்போகிறான் என்று நினைத்தபடியே வாசலை எட்டிப் பார்த்தாள்.

அன்று மழையே இல்லை. அவன் வந்தான்.

திரையைப் பார்த்துவிட்டு, எதற்காகக் கருப்பில் ஆரம்பித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்பாவின் உப்பளத்தில் வாய்க்காலை ஒட்டிய முதல் பாத்தியில் எப்போதும் கருத்த தண்ணீர்தான் நிற்கும். உப்பு வெளுப்பது அடுத்ததில். சின்ன வயதிலிருந்தே கட்டம் என்றால் அவளுக்குக் கருப்பில்தான் தொடங்கும்.

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அந்தப் பழைய போர்டை அழிச்சிட்டீங்களா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"எனக்கு வேணும்ங்க... எந்த போர்டைப் பார்த்தாலும் நீங்க மொறைச்சதுதான் ஞாபகம் வருது. பசங்களுக்கு ஒழுங்கா சொல்லிக்குடுக்க முடியல. உங்கள புடிச்சிருக்குது."

செந்தமிழ் தலை நிமிரவில்லை. மவுஸ் மட்டும் நகர்ந்தது. பழைய பலகை திரையில் வந்து நின்றது.

"அழிக்கல," என்றாள். "அன்னிக்கே சேவ் பண்ணிட்டேன்... உங்க பேர்ல."