தாழ்ந்த குரலில் முப்பத்தைந்து

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெட்ரோவிலும் மார்க்கெட்டிலும் எதிரில் நிற்பவரைப் பற்றியே தமிழில் பேசிக்கொள்வார்கள். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

டெல்லி துவாரகாவில் பிறந்து வளர்ந்த மாதங்கிக்கும் அந்தத் தைரியம்தான். சாணக்யபுரி மாநாட்டு அரங்கில், தெற்காசிய நாடுகளும் தென்கிழக்காசிய நாடுகளும் வரப்போகும் பத்தாண்டு வணிகத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, மேலதிகாரி சேஷன் பக்கம் குனிந்தாள்.

"சார், ரொம்ப இழுத்தாங்கன்னா முப்பத்தஞ்சுக்கு இறங்கிடலாம்."

ஒரு சட்டையின் மதிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்காவது இந்த நாடுகளுக்குள் உருவாகியிருந்தால்தான் வரிச்சலுகை என்று இந்தியத் தரப்பில் இவர்கள் பிடிவாதமாக நின்ற நேரம் அது.

நிமிர்ந்தாள். எதிர் வரிசையில் இரண்டு கண்கள் சட்டென்று தாழ்ந்தன. தாமதமாக வந்த ஒருவன், தாய்லாந்துக்காரர் ஒருவரின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். என்ன கண்கள் அவை... மழைக்கு முந்தைய வானம் மாதிரி... எந்த நாட்டுக்காரனோ?

தேநீர் இடைவேளையில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவனே பக்கத்தில் வந்தான்.

"மன்னிக்கணும்... நீங்க சொன்னது என் காதுல விழுந்துடுச்சு. நான் ஜெயசீலன். மலேசியா, ஈப்போ."

தமிழ்! இத்தனை மாத உழைப்பும் அவள் வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டன. பயம் கோபமாக வெளியே வந்தது.

"ஒட்டுக்கேட்டுட்டு, அச்சா பையன் மாதிரி வந்து வேற சொல்றீங்களா?"

"காதை எங்கேங்க கழற்றி வைக்கிறது?"

"போய் உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க. கை தட்டுவாங்க."

அவன் ஏதோ சொல்ல வந்தான்... அவள் நிற்கவில்லை. நேராகச் சேஷனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மதியம் அவன் நாற்காலி காலியாக இருந்தது. எதிர்த்தரப்புத் தலைவி எழுந்தார்.

"உங்கள் பேச்சு ஒன்று தவறுதலாகக் காதில் விழுந்ததாக எங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார். என்னவென்று சொல்ல மறுத்து, பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொண்டார்."

முப்பத்தெட்டில் கைகுலுக்கினார்கள். மாதங்கிக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்தானே... இப்படியும் ஒருவன் இருப்பானா? அவனையா அப்படிப் பேசினோம்?

வாசலுக்கு ஓடினாள். மழையில் டாக்சிக்காக அவன் காத்திருந்தான்.

"கோபமா?"

"இருந்துச்சு. உங்க பாதி ஹிந்தித் தமிழை நினைச்சதும் போயிடுச்சு."

"எனக்கு அவ்வளவுதான் வரும். ஸாரி... உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?"

"அடுத்த சுற்றுக்கு என்னைக் கூட்டிட்டு வர மாட்டாங்களாம். அவ்வளவுதான்."

அப்படியென்றால் இனி இவனைப் பார்க்கவே முடியாதா? பின்னால் சேஷன் வந்து நிற்பது தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவங்க கூட்டிட்டு வராட்டி என்ன, எனக்காக வாங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, ஜெயசீலன்."

சேஷன் அவசரமாக வேறு பக்கம் திரும்பி மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஜெயசீலன் சிரித்தான். "மழைச் சத்தத்துல சரியாக் கேட்கலைங்க... இன்னொரு தடவை சொல்றீங்களா?"

பொய் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் சத்தமாகச் சொன்னாள்.